தட்டுக்குத் தட்டு குதிக்கும் வட்டம்

கேள்வி: பாட்டின் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வட்டம் குதிக்கிற மாதிரி அனிமேஷன் செய்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனாலும் அரை நிமிடத்தில் அலுத்துப்போகிறது. எங்கே தவறு?

பதில்: அந்தக் கச்சிதத்தில்தான். காது கேட்டதையே கண்ணும் திருப்பிச் சொன்னால் அலுக்காமல் என்ன செய்யும்?

அனிமேஷன் கலைஞர் ஆஸ்கர் ஃபிஷிங்கர் 1947-இல், இசையமைப்பாளர் பாக்கின் மூன்றாம் பிராண்டன்பர்க் கான்செர்டோ என்ற இசைப்படைப்புக்குப் படம் எடுத்தார். பிளெக்ஸிகிளாஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மேல் எண்ணெய்ச் சாயம். தூரிகையின் ஒவ்வொரு தீற்றலுக்கும் ஒரு ஃபிரேம், அதாவது ஃபிலிமில் ஒரு தனிப் படம். ஸ்வரத்துக்கு ஸ்வரம் படம் துள்ளாது. இசை வளர வளர ஓவியமும் வளரும், அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு நான் செய்துவைத்திருந்த பாதி வேலையை அழித்தேன், வருத்தமே இல்லை.

நேர் எதிர் உதாரணமும் உண்டு. இன்னொரு அனிமேஷன் கலைஞர் நார்மன் மெக்லாரன் 1971-இல் ‘சின்க்ரோமி’ என்ற படத்தைச் செய்தபோது, ஃபிலிமின் ஓரத்தில் ஒலிக்கென உள்ள ஒலித்தடத்தில் கோடுகளைப் பதித்தே இசையை உண்டாக்கினார். கோடுகள் நெருங்கினால் சுருதி ஏறும், பட்டை அகன்றால் சத்தம் கூடும். அதே கோடுகளுக்கு வண்ணம் கொடுத்துத் திரையில் காட்டினார். அங்கே படம் ஒலியைப் பின்தொடரவில்லை, படம்தான் ஒலி. அதனால் அலுக்காது.

உங்களுக்கு ஒரு பயிற்சி. தாளத்தை விட்டுவிட்டு, மீட்டிய ஒரே ஒரு தந்தி ஒலியை எடுங்கள். சட்டென்று பிறந்து மெல்ல அடங்கும். நான் கோட்டை இரண்டே ஃபிரேமில் தோன்றவிட்டு, நாற்பது ஃபிரேமில் மெலியவிடுவேன். அந்த மெலிவை நுனி நடுங்க நடுங்க வரைந்து பாருங்கள். அடுத்த தட்டு வரும்போது வட்டத்தைக் குதிக்கவைக்க உங்களுக்கே மனசு வராது.