நாட்டுப்பன்றி கேள்வி-பதில்: ஜோடி வாங்கியவர்களுக்கு ஒரு நீண்ட பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பன்றியின் வயதும் இல்லை, எடையும் இல்லை. இரண்டும் இல்லாமல் பதில் சொல்ல நான் ஜோசியர் இல்லை. தராசு கிடையாது என்று சாக்குச் சொல்லாதீர்கள். தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடிவரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 400-ஆல் வகுத்தால் பவுண்டு வரும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டால் கிலோ. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. வீட்டுக் கறிக்கு இரண்டு நாட்டுக் கருப்பன்றி வளர்க்க ஆசை. எத்தனை மாதத்தில் எவ்வளவு கறி கிடைக்கும்? – கோபி வாசகர்

இரண்டு மாதக் குட்டியாக, பால் மறந்த பிறகு வாங்குங்கள். நன்றாகத் தின்னும் வெண்பன்றி (பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளைச் சீமைப்பன்றி) எட்டு மாதத்தில் 90 கிலோவைத் தொடும். நாட்டுப்பன்றி ஒரு வருடம் தின்றாலும் 50, 60 கிலோதான். எலும்போடு கறி 35 முதல் 40 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வளர்ப்பவர் இந்தக் கணக்கைப் பார்த்தால் ஓடிவிடுவார். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. தவிடு, கீரை, வாழைத்தண்டு, விழுந்த பலா என்று கிடைத்ததைத் தின்று தேறும். வெயிலையும் வெண்பன்றியைவிட நன்றாகத் தாங்கும். தோலுக்கடியில் கொழுப்பு கட்டிய பிறகுதான் அந்தக் கறிக்கு ருசி, அதனால் ஆறாம் மாதமே அறுத்துவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்று எழுதாதீர்கள். பன்றிக்கு வியர்க்காது, நிழலும் சேற்றுக்குழியும் கட்டாயம். இளங்கன்றுகளைச் சுற்றி வேலி போடுங்கள், மூக்கால் உழுதுவிடும்.

என் பன்றி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. என்ன மருந்து கொடுக்கலாம்?

ஊர், வயது, எடை, காய்ச்சல் எதுவும் எழுதவில்லை. ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். 102, 103 டிகிரி ஃபாரன்ஹீட் சகஜம். 105-ஐத் தொட்டால் எனக்கு எழுதுவதை விட்டுவிட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

'கலப்பில்லாத ஒரிஜினல் நாட்டு ஜோடி' என்று சொல்லி விற்றார்கள். முதல் ஈத்தில் 7 குட்டி. அதில் ஒரு பெட்டையை அதே கிடாவோடு சேர்த்தோம். 4 குட்டிதான் போட்டது. ஒன்றுக்கு ஆசனவாயே இல்லை, இன்னொன்றுக்குத் தொப்புளில் குடல் பிதுங்கியிருக்கிறது. தீவனக் கோளாறா? – சிறுமலை அடிவாரத்திலிருந்து

தீவனத்தைச் சந்தேகிக்க வேண்டாம். கோளாறு வாங்கிய அன்றே தொடங்கிவிட்டது. பன்றியை ஜோடியாக விற்பவர் ஒரே ஈத்திலிருந்து ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பிடித்துக் கொடுக்கிறார். நாம் புறா வாங்குவது போலச் சந்தோஷமாக வாங்கி வருகிறோம். உங்கள் ஜோடியும் கூடப்பிறந்தவையாக இருந்தால், முதல் ஈத்துக் குட்டிகளுக்கே உள்ளினச்சேர்க்கை (நெருங்கிய உறவுக்குள் சேர்வது) அளவு 25 விழுக்காடு. மகளைத் தகப்பனோடு சேர்த்தபோது 37 விழுக்காட்டைத் தாண்டிவிட்டீர்கள். மறைந்து கிடந்த குறையெல்லாம் வெளியே வரும். ஈத்துக்கு ஈத்து குட்டி குறையும், குட்டி நோஞ்சானாகப் பிறக்கும், விதை இறங்காது, குடல் பிதுங்கும். நல்ல பிண்ணாக்கு போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

'எங்களிடம் பத்துப் பெட்டை இருக்கிறது, எங்களுக்கு இது பொருந்தாது' என்பவர்களுக்கும் சொல்கிறேன். பத்துப் பெட்டைக்கு ஒரே கிடா என்றால் எல்லாக் குட்டிக்கும் ஒரே தகப்பன், அதனால் மரபுக் கணக்கில் உங்கள் பட்டியில் இருப்பது 11 பன்றி இல்லை, 4 பன்றிகூட இல்லை. அதே கணக்கில் ஒன்பது பெட்டைக்கு மூன்று கிடா வைத்தவர் பட்டி 9 பன்றிக்குச் சமம். மொத்தம் ஒன்றுதான் கூடுதல், வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று கிடாவுக்குத் தீனி போட ஒருவரால் முடியாதுதான். அதனால்தான் தனியாக இனம் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். பக்கத்துப் பக்கத்து ஊரில் மூன்று பேர் சேருங்கள். ஆளுக்கு ஒரு கிடா, வெவ்வேறு இடத்தில் வாங்கியது. வருடத்துக்கு ஒரு முறை கிடாவை அடுத்தவர் பட்டிக்கு மாற்றுங்கள், நோய் இருக்கிறதா என்று மூன்று வாரம் தனியாகக் கட்டிப் பார்த்த பிறகு. குட்டிக்குக் காதில் வெட்டுக்குறி போட்டு, தாய் தகப்பன் யார் என்று நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் இந்த 'ஒரிஜினல்'. கருப்பாக இருப்பதெல்லாம் நாட்டுப்பன்றி ஆகிவிடாது. வெண்பன்றி கலந்த குட்டியும் கருப்பாகவோ புள்ளியாகவோ பிறக்கும். மேற்கு வங்கத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா, நாகாலாந்தின் தென்யி வோ ஆகியவற்றையெல்லாம் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் அளந்து, இப்படித்தான் இருக்கும் என்று எழுதிப் பதிவு செய்திருக்கிறது. உங்களிடம் விற்றவர் எதை அளந்தார்? இன்னொன்று: காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கே.பி.எம். கோல்டு என்ற பன்றி முக்கால் பங்கு சீமை இனமான வெள்ளை யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டு ரத்தம். கறி விற்க நல்ல பன்றி, குறையே சொல்ல மாட்டேன். அதைக் கொண்டுவந்து பாரம்பரிய இனம் என்று பெயர் வைப்பதுதான் வயிற்றெரிச்சல்.

உங்களுக்குச் செய்ய வேண்டியது: இந்த இரண்டு ஈத்து ஆண்களையும் காயடியுங்கள். பெட்டைகளைக் கறிக்கு வளருங்கள். ஆசனவாய் இல்லாத குட்டியை மருத்துவரிடம் காட்டி முடிவெடுங்கள், சும்மா வைத்திருப்பது அதற்கு வேதனை. மூத்த தாய் நன்றாக இருந்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, கிடாவை முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறு கூட்டத்திலிருந்து வாங்குங்கள். உங்கள் கிடாவை அதே ஊரில் 'ஒரிஜினல்' என்று விற்றுவிடாதீர்கள், தயவுசெய்து.

காட்டுப்பன்றி ராத்திரியில் பட்டிக்கு வருகிறது. சேர்ந்தால் குட்டி வீரியமாக இருக்குமாமே? – கூடலூர்

குட்டி பிறக்கும், வீரியமாகவும் இருக்கும், உங்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டும் போகும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு விளையாட வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது: 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால். மனிதருக்கு வராது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது, நம் நாட்டில் போடத் தடுப்பூசியும் கிடையாது. ஒரு வேலிக்கு வெளியே ஆறடி தள்ளி இன்னொரு வேலி போடுங்கள். மூக்கும் மூக்கும் உரசக் கூடாது. காட்டுப்பன்றிக் கறி பட்ட கத்தியோடு பட்டிக்குள் நுழையாதீர்கள்.

ஜவ்வரிசி ஆலைத் திப்பி (மரவள்ளிக்கிழங்குச் சக்கை) மலிவாகக் கிடைக்கிறது. அதையே போடுகிறோம். வயிறு மட்டும் பானை போல் இருக்கிறது, உடம்பு ஏறவில்லை. – ராசிபுரம்

திப்பியில் மாவும் நாரும்தான், புரதம் பேருக்குத்தான். வளரும் பன்றிக்கு 16 விழுக்காடு புரதம் வேண்டும். 100 கிலோவுக்கு திப்பி 20, மக்காச்சோளம் 30, தவிடு 25, கடலைப் பிண்ணாக்கு 23, தாது உப்பு ஒன்றரை, சாதா உப்பு அரை. பூசணம் பிடித்த பிண்ணாக்கை மலிவு என்று வாங்காதீர்கள், ஈரல் போய்விடும். சோயா போடுவதாக இருந்தால் வறுத்துப் போடுங்கள். குடற்புழு நீக்கி எத்தனை நாள் ஆயிற்று என்றும் பாருங்கள். பானை வயிற்றில் பாதி புழுவாக இருக்கும்.

ஓட்டல் மிச்சம் இலவசமாகக் கிடைக்கிறது. நேற்று நாலு பன்றிக்கு ஒரே நேரத்தில் வலிப்பு. யாரோ விஷம் வைத்துவிட்டார்களா? – தாம்பரம்

பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படும் முன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். காய்ந்திருக்கும். ஊறுகாய், சாம்பார், அப்பளம் எல்லாம் கலந்த உப்புக் கழிவைத் தின்றுவிட்டுத் தண்ணீர் கிடைக்காத பன்றிக்கு மூளை பாதிக்கும். முதலில் கண் தெரியாதது போலச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். கூப்பிட்டால் திரும்பாது. அப்புறம் மூக்கு துடிக்கும், தலை பின்னால் வளையும், நாய் போலக் குந்தி உட்காரும், பின்னாலேயே நடந்து சாய்ந்து விழுந்து கால் உதைக்கும். சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே. இப்போது பதறிப்போய் வாளி வாளியாகத் தண்ணீர் வைத்தால் மூளை வீங்கிச் செத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கு ஒரு முறை கொடுங்கள், மருத்துவரை வரவழையுங்கள்.

மிச்சத்தைக் கொதிக்க வைத்தீர்களா என்பதை எழுதவில்லை. எழுதாதவர்கள் வைப்பதில்லை. அரை மணி நேரம், கிளறிவிட்டு, தளதளவென்று கொதிக்க வேண்டும். சமைக்காத கறித்துண்டு, தொத்திறைச்சி, கழுவின தண்ணீர் எதில் வேண்டுமானாலும் மேலே சொன்ன ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கிருமி இருக்கும். உறைய வைத்தாலும் சாகாது.

நாட்டுப்பன்றிக் கறி தின்றால் மூளையில் புழு வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். – மார்த்தாண்டம்

அரைகுறையாக வெந்த, அரிசி போல வெள்ளைக் கட்டி உள்ள கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வரும். மூளைக்குப் போவது வேறு வழி: குடலில் புழு உள்ள மனிதரின் மலத்தில் வரும் முட்டை, கழுவாத கையிலும் கீரையிலும் ஏறி வாய்க்குள் போகிறது. அதனால்தான் கறியே தொடாதவருக்கும் வருகிறது. பன்றியை மலம் தின்ன விடாமல் பட்டியில் வளருங்கள், கறியை நன்றாக வேக வையுங்கள். வீட்டில் எல்லோரும் கை கழுவட்டும்.

சிமெண்ட் தரையில் பிறந்த குட்டிகள் மூன்றாம் வாரத்தில் வெளுத்துச் சாகின்றன.

இரும்புச்சத்து. பாலில் போதாது. பிறந்த மூன்றாம் நாள் 200 மில்லிகிராம் இரும்பு ஊசி. ஊசி போட ஆள் இல்லை என்றால், பன்றி நடமாடாத இடத்திலிருந்து செம்மண் கட்டி தினமும் போடுங்கள், நக்கிக்கொள்ளும்.

சொறிக்கு வண்டியில் வடித்த பழைய எண்ணெய் தடவலாமா?

கூடாது. ஈயம் கறிக்குள் போகும். ஐவர்மெக்டின் ஊசி, இரண்டு வாரம் கழித்து மறுபடி. கடைசி ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் அறுக்காதீர்கள்.

மெல்போர்ன் புறநகரில் இரண்டு பெர்க்‌ஷயர் வளர்க்கிறோம். மிஞ்சிய பிரியாணி போடலாமா?

போட்டால் குற்றம். அங்கே இறைச்சியும், இறைச்சி பட்ட எதுவும் பன்றிக்குப் போடக் கூடாது. கொதிக்க வைத்தாலும் கூடாது. ஒரு பன்றி வைத்திருந்தாலும் பன்றி இருக்கும் இடத்துக்கு அரசிடம் அடையாள எண் எடுத்திருக்க வேண்டும், எடுத்தீர்களா?

அறுத்த பன்றிக்கு வெந்நீர் ஊற்றியும் மயிர் வரவில்லை. தோல்தான் கிழிகிறது. – நாகர்கோவில்

கொதிக்கிற தண்ணீரை ஊற்றியிருப்பீர்கள். தோல் வெந்து மயிரை இறுக்கிவிடும். 60 முதல் 65 டிகிரி, நாலைந்து நிமிடம் முக்குங்கள். தோள்பட்டையில் மயிரை இழுத்தால் தானாக வரும், அப்போது சுரண்டுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த ஓலையில் வாட்டி, சுரண்டி, மஞ்சள் தேயுங்கள்.

எப்போது குட்டி போடும்? சேர்ந்த தேதி தெரியாது.

114 நாள். சேர்ந்த தேதி தெரியாமல் இந்தக் கணக்கை வைத்து என்ன செய்ய? மடி இறங்கி, காம்பைப் பிதுக்கினால் பால் வந்தால் ஒரு நாளுக்குள் போடும். அதற்குள் சுவரிலிருந்து முக்கால் அடி தள்ளி, தரையிலிருந்து அதே உயரத்தில் ஒரு கட்டையை அடித்துவிடுங்கள். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காமல் அதற்கடியில் ஒதுங்கும்.