தொட்டியில் கறுப்பு ஈ: மருந்துக்கு முன்னால் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வீட்டுக்குள் ஜன்னலோரம் 22 தொட்டிகள் வைத்திருக்கிறேன். மணி பிளான்ட், பெகோனியா, சில கள்ளிச் செடிகள், இரண்டு தட்டு மிளகாய் நாற்று. ஒரு மாதமாகத் தண்ணீர் ஊற்றப் போனாலே மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்புகின்றன. வேப்பெண்ணெய் தெளித்தேன், ஈ அடிக்கும் ஸ்பிரேயும் அடித்தேன். அன்றைக்குக் காணாமல் போகும், நாலாம் நாள் மறுபடி வந்துவிடும். பெகோனியா இலை மஞ்சளாகி வாடுகிறது, தண்ணீரைக் கூட்டியும் தேறவில்லை. கடைக்காரர் குருணை மருந்து கொடுத்து வேரோரம் போடச் சொன்னார். போடலாமா? வேறு நல்ல மருந்து உண்டா? இல்லை, எல்லாத் தொட்டிக்கும் மண்ணை மாற்றிவிடவா?

பதில்: அம்மா, குருணையைப் போடாதீர்கள். பொட்டலம் பிரிக்காமல் இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வயலில் போடுகிற விஷத்தைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கொடுத்தனுப்புகிறவரிடம் இனி மருந்து விஷயத்தில் யோசனை கேட்க வேண்டாம். சாமான் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, “தண்ணீரைக் கூட்டியும் தேறவில்லை” என்பது. ஈ வந்ததற்கும் அதுதான் காரணம், பெகோனியா வாடுவதற்கும் அதுதான்.

இது காளான் ஈ. காளான் வளர்ப்பவர்களிடம் சியாரிட் ஈ என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுருங்கிவிடும். நீங்கள் ஸ்பிரே அடித்துக் கொன்றதெல்லாம் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே சாகப்போகிறவை. உண்மையான வேலை மண்ணின் மேல் இரண்டு மூன்று அங்குலத்துக்குள் நடக்கிறது. ஒரு பெண் ஈ 100 முட்டைக்குக் குறையாமல் இடும், 200 வரையும் போகும். 24 டிகிரி வெப்பத்தில் முட்டை மூன்று நாளில் பொரியும், புழு பத்து நாள் தின்னும், கூட்டுப்புழுவாக நாலு நாள் கிடக்கும். ஆக 17 நாளில் அடுத்த தலைமுறை தயார். உங்கள் தொட்டியில் முட்டை, புழு, கூடு எல்லாம் ஒரே சமயத்தில் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு அடித்தாலும் நாலாம் நாள் புதுக் கூட்டம் எழும்புகிறது. இலைமேல் தெளித்த வேப்பெண்ணெய்க்கும் மண்ணுக்குள் கிடக்கிற புழுவுக்கும் சம்பந்தமே கிடையாது.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, விரல் கனத்துக்கு வில்லை போட்டு, ஒவ்வொரு தொட்டியிலும் ஒன்றை மண்ணோடு அழுத்தி வையுங்கள். மூன்று நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி போன்ற உடம்பும், மைப்புள்ளி வைத்த மாதிரி கறுத்த தலையுமாகப் புழு நெளியும். தின்றது வயிற்றுக்குள் கோடாக ஓடுவதுகூட வெளியே தெரியும். 22 தொட்டியிலும் இருக்காது. கள்ளித் தொட்டியில் அநேகமாக ஒன்றும் இருக்காது, அதற்கும் இதே கணக்கில் தண்ணீர் ஊற்றியிருந்தால் தவிர.

அப்புறம் அந்தப் பெகோனியாவைத் தொட்டியைக் கவிழ்த்து வெளியே எடுங்கள். வேர் பழுப்பாக இருந்தால் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்து, உள்ளே நூல் மட்டும் நின்றால் அது வேரழுகல். இந்தப் புழு பெரும்பாலும் பூஞ்சையையும் மக்கினதையும்தான் தின்னும். கூட்டம் பெருகினால் வேர்த்தூவிகளையும் கடிக்கும், அந்தக் காயம் வழியே அழுகல் நோய் உள்ளே போகும். வேர் போன செடிக்கு நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்க வழியில்லை. ஈர மண்ணில் செடி வாடினால் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட வேண்டும். நீங்கள் இன்னும் ஒரு குவளை ஊற்றியிருக்கிறீர்கள். அந்த பெகோனியாவில் நல்ல தண்டு மிச்சமிருந்தால் நுனியை வெட்டிப் புது மண்ணில் நடுங்கள், வேரைக் காப்பாற்றுவதற்காக நேரம் செலவழிக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். தொட்டி அடியில் ஜல்லி போட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் இல்லை, ஆனால் போட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். எல்லாரும் போடுகிறார்கள். வடிகாலுக்கு என்று சொல்லித்தான் விற்கிறார்கள், வீடியோவிலும் அதையே காட்டுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு முப்பது வருஷமாக எல்லாரோடும் சண்டை.

பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை எடுங்கள். தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, படுக்கைவாக்கில் கையில் பிடியுங்கள். சொட்டி முடியும். சொட்டு நின்றபின் பிழியாமல், ஆட்டாமல், அப்படியே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் கொட்டும்! ஸ்பாஞ்சு அதேதான், தண்ணீரும் அதேதான், உயரம் மட்டும் கூடிற்று. தொட்டி மண்ணும் இப்படித்தான். எவ்வளவு வடிந்தாலும் அடியில் ஒரு பட்டை அளவுக்கு ஈரம் தேங்கியே நிற்கும். பொடி மண்ணிலிருந்து பெரிய ஜல்லிக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது, மண்ணின் அடிப்பகுதி தண்ணீரால் நிரம்பினால்தான் இறங்கும். ஆகவே இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் அந்தச் சேற்றுப் பட்டை இரண்டு அங்குலம் மேலே ஏறி உட்காரும். வேரோடு ஒட்டி உட்காரும். ஜல்லி வடிகால் தருவதில்லை, மண்ணின் உயரத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். ஓட்டை அடைக்காமல் இருக்க ஒரு வலைத்துண்டு போதும். தண்ணீர் வடிய வேண்டுமென்றால் கரடுமுரடான பொருளை, பெர்லைட்டோ பொரித்த களிமண் உருண்டையோ, மண் முழுக்கக் கலக்க வேண்டும். அடியில் கொட்டிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது.

என் பழைய தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சமயம் நாற்றுக்கு என்று தயார் மண்கலவை மூட்டை ஒன்று வாங்கினேன். கத்தரியால் வாயைக் கிழித்ததும் புகை மாதிரி ஈ எழும்பிற்று. பாதி மக்கிய உரம், சொதசொதவென்ற தென்னை நார்க்கழிவு, மேலே வெள்ளைப் பூஞ்சை. இருந்தும் காசு போட்டாயிற்றே என்று தட்டில் நிரப்பினேன். இரண்டு வாரத்தில் நாற்று அடித்தண்டில் மடிந்து விழுந்தது. நன்கு மக்கிய உரத்தில் மண் வாசனைதான் வரும், புளித்த வாடையோ சூடோ இருந்தால் அது இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை விற்கிறவர் உங்களுக்கு ஈயையும் சேர்த்தே விற்கிறார். அடுத்த மாதம் அதற்கு மருந்தும் விற்பார்.

சரி, தண்ணீருக்கு வருவோம். கிழமை பார்த்து ஊற்றுவதை நிறுத்துங்கள். ஊற்றி வடிந்ததும் தொட்டியைத் தூக்கிக் கனம் பாருங்கள், அதே தொட்டியை மூன்று நாள் கழித்து மறுபடி தூக்குங்கள். இரண்டு வாரத்தில் கை கற்றுக்கொள்ளும். மணி பிளான்ட், கள்ளி மாதிரி தாங்குகிற செடிகளுக்கு மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்தபின் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் முட்டையும் இளம்புழுவும் தாக்குப்பிடிக்காது. மிளகாய் நாற்றை அப்படிக் காயவிட முடியாது, செத்துவிடும். அதற்கு அடித்தட்டில் தண்ணீர் வைத்து அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், மேல்மண் உலர்ந்தே இருக்கும். அழகுத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியைச் செருகி வைத்திருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள், அங்கே ஒரு குட்டிக் குளம் இருக்கும்.

மருந்துதான் கேட்டீர்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ், சுருக்கமாக பி.டி.ஐ. 1976இல் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்த பாக்டீரியா, கொசுப்புழுவுக்காகப் பிரபலமானது. லேபிலைப் படித்து வாங்குங்கள். “பி.டி.” என்று கேட்டால் இலைப்புழுவுக்கான குர்ஸ்டாகி வகையைத் தூக்கிக் கொடுப்பார்கள், அது இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. புழு தின்றால்தான் சாகும், மண்ணில் ஓரிரு நாளில் வீரியம் போய்விடும். அதனால் லேபிலில் உள்ள அளவில் கலந்து, அடுத்து தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளில் அந்தத் தண்ணீராகவே ஊற்றுங்கள். ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறையாவது கொடுங்கள். ஒருமுறை ஊற்றிவிட்டுப் பலனில்லை என்று எழுதாதீர்கள்.

பூச்சி ஒட்டிக்கொள்கிற மஞ்சள் பசை அட்டையை மண்மட்டத்தில் படுக்கைவாக்கில் வையுங்கள். அது ஈயை ஒழிக்காது, எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். மண்மேல் டீத்தூள் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். வேப்பம் பிண்ணாக்கை ஈர மண்மேல் தூவி வைக்கச் சொல்வார்கள், அதிலேயே பூஞ்சை பூத்துப் புழுவுக்கு விருந்தாகும். மணல் ஒரு சென்டிமீட்டர் பரப்பலாம், ஆனால் அடி ஓட்டை வழியாகவும் ஈ வரும்.

எல்லா மண்ணையும் மாற்ற வேண்டாம். உருளைக்கிழங்கு காட்டிக்கொடுத்த தொட்டியில் மட்டும் மேல் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் போடுங்கள். ஜல்லி இருக்கிற தொட்டிகளை அடுத்த முறை செடி மாற்றும்போது பிரியுங்கள், அவசரமில்லை. உங்களிடம் பாதி மூட்டை மண்கலவை மிச்சமிருக்கும், அது வாய் திறந்தபடி தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இன்றைக்கே அதை லேசாக நனைத்துக் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பையில் மெல்லிசாகப் பரப்பிக் கட்டி, நல்ல வெயிலில் போடுங்கள். உள்மண் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். ஆறியதும் வாயை இறுகக் கட்டி வேறு அறையில் வையுங்கள்.