கேமராவில் தெரியாத குடல் அழற்சி: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கேள்வி: காசிமேட்டில் மீன் விற்கிறேன். வயது 58. எட்டு மாதமாக ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை தண்ணீராகப் போகிறது. ராத்திரியும் எழுந்து ஓடுகிறேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோபியில் நார்மல் என்றார்கள். வீட்டில் 'எல்லாம் மனசுதான்' என்கிறார்கள். அப்படியா டாக்டர்?

பதில்: இல்லையம்மா. மனக்கவலையால் வயிறு கலங்குவது உண்டுதான். ஆனால் அது தூக்கத்திலிருந்து எழுப்புவது அபூர்வம். ராத்திரியில் எழுப்பும் பேதிக்கு உடம்பில்தான் காரணம் தேட வேண்டும். மைக்ரோஸ்கோபிக் கொலைட்டிஸ் என்று ஒரு குடல் அழற்சி இருக்கிறது. 50 வயது தாண்டிய பெண்களுக்கு அதிகம் வரும். ரத்தம் போகாது, கேமராவில் பார்த்தால் குடல் சுத்தமாகவே தெரியும். சதைத்துணுக்கு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் பிடிபடும்: உட்சுவரில் வெள்ளணுக்கள் குவிந்திருக்கும், அல்லது அதன் அடியில் கொலாஜன் என்ற நார்ப்புரதப் பட்டை தடித்திருக்கும்.

உங்கள் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பயாப்ஸி, அதாவது சதைத்துணுக்கு, எடுத்ததாக அதில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அந்த 'நார்மல்' பாதிப் பதில்தான். குடலின் வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் துணுக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், குடல்நோய்த் துறை அங்கே இருக்கிறது. தைராய்டு, மலப் பரிசோதனைகளையும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். எனக்கும் இதே நோய்தான். முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக், அசிடிட்டிக்கு ஒமெப்ரசோல் போடுகிறேன். இவைதான் காரணமா?

பதில்: இரண்டுக்குமே இந்த நோயோடு தொடர்பு உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலினுக்கும், புகைபிடிப்பதற்கும்கூட. போடுகிற மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். எதை மாற்றலாம் என்று அவர் பார்க்கட்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

கேள்வி: இந்த நோய்க்குப் புடெசொனைட் என்ற ஸ்டீராய்டு மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது.

பதில்: வழக்கமாக தினம் 9 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு வாரம். மருந்து குடலில் வேலை செய்கிறது, ரத்தத்தில் கலப்பதில் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்துவிடும். அதனால் உடம்பு முழுக்கப் பரவும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைவிடப் பக்கவிளைவு குறைவு. இரண்டாவது வாரமே பேதி நின்றுவிட்டது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முழுதாக முடித்த பிறகும் பலருக்குத் திரும்ப வருகிறது. அப்போது குறைந்த அளவில் தொடர்வார்கள், எலும்பு பலத்தையும் கவனிப்பார்கள். இன்னொன்று: ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் புடெசொனைட் வேறு, குடலில் கரையும்படி செய்தது வேறு. மருந்துக்கடையில் சீட்டைக் காட்டியே வாங்குங்கள்.

கேள்வி: திருவொற்றியூரிலிருந்து தினமும் பாரிமுனைக்கு மின்சார ரயிலில் போகிறேன். ஒருநாள் வழியிலேயே ஆகிவிட்டது. வேலையை விட்டுவிடலாமா என்றிருக்கிறது.

பதில்: விடாதீர்கள். அந்த ரயிலில் கழிப்பறை கிடையாது, இந்த நோயோ அவகாசமே தராது. உங்கள் மேல் தப்பே இல்லை. டாக்டர் சம்மதித்தால் கிளம்புமுன் பேதியைக் கட்டுப்படுத்தும் லோபெரமைடு மாத்திரை போடலாம். வேலை நாளில் காலை காபியைத் தள்ளிப்போடுங்கள், பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் அதையும் குறையுங்கள். மெட்ரோ நிலையங்களில் கழிப்பறை உண்டு, கொஞ்சநாள் அதில் போய்ப் பாருங்கள். மாற்றுத்துணி ஒன்று பையில் இருக்கட்டும். கூட வேலை பார்ப்பவர்களில் நம்பகமான ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

கேள்வி: இது புற்றுநோயாக மாறுமா?

பதில்: மாறாது. குடல் புற்றுநோய் அபாயத்தை இது கூட்டுவதில்லை. ஆனால் மலத்தில் ரத்தம் கண்டால் இந்த நோய்தானே என்று விட்டுவிடாமல், உடனே போய்க் காட்டுங்கள்.