முயல் இருந்த இடத்தில் தவளை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளோரிடாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது டிஸ்னி பூங்காவுக்கு அழைத்துச் சென்றார்கள். மரக்கட்டை போன்ற படகில் உட்காரவைத்து, மலை உச்சியிலிருந்து தண்ணீருக்குள் சறுக்கிவிடும் சவாரியில் நானும் துணிந்து ஏறினேன். இறங்கியதும் மகன் தலையைத் துவட்டிக்கொண்டே, “பழைய சவாரி இது இல்லை அம்மா, முயலும் நரியும் இருந்ததை இனவெறி என்று சொல்லி எடுத்துவிட்டார்கள்” என்று குறைப்பட்டான். எடுத்ததே நியாயம் என்றாள் மருமகள். வீடு வந்து சேரும்வரை காரில் அதே வாக்குவாதம். முயலிலும் நரியிலும் இனவெறி எங்கிருந்து வந்தது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: வில்லங்கம் முயலிடமும் நரியிடமும் இல்லை, அவற்றின் கதையைச் சொல்வதற்கென்று உட்காரவைக்கப்பட்ட கிழவரிடம் இருக்கிறது. உங்கள் மகன் குறிப்பிட்ட பழைய சவாரியின் பெயர் ‘ஸ்பிளாஷ் மவுண்டன்’. 1989 ஜூலையில் கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் திறக்கப்பட்ட அது, 1992இல் பிளோரிடாவுக்கும் டோக்கியோவுக்கும் வந்து சேர்ந்தது. அதன் கதை, டிஸ்னி நிறுவனம் 1946இல் வெளியிட்ட ‘சாங் ஆஃப் தி சவுத்’ என்ற படத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் அங்கிள் ரீமஸ் என்ற கறுப்பின முதியவர், வெள்ளைக்காரச் சிறுவனுக்கு முயலண்ணன், நரியண்ணன், கரடியண்ணன் கதைகளைச் சொல்வதுதான் படம். அடிமை முறைக்கு முடிவுகட்டிய அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தில் நடப்பதாக எண்ணி எடுக்கப்பட்டிருந்தாலும், ஆண்டு எதுவும் தெளிவாகச் சொல்லப்படாததாலும், தோட்டத்து மக்கள் எந்நேரமும் பாடிக்கொண்டும் முதலாளி வீட்டின் மேல் பாசத்தைப் பொழிந்துகொண்டும் இருப்பதாலும், அடிமை வாழ்க்கை அப்படியொன்றும் மோசமில்லை போலும் என்ற எண்ணத்தோடுதான் பார்ப்பவர் எழுந்து போவார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் நிர்வாகச் செயலாளர் வால்டர் வைட், படத்தின் கலைத்திறனை ஒப்புக்கொண்டே, இந்தக் குற்றச்சாட்டைப் படம் வெளியான ஆண்டிலேயே எழுப்பிவிட்டார். ஆகவே, இப்போதைய தலைமுறைதான் புதிதாகக் குறை கண்டுபிடிக்கிறது என்று உங்கள் மகன் சொன்னால் அதை மட்டும் ஏற்காதீர்கள்.

படத்தின் முதல் காட்சி 1946 நவம்பரில் அட்லாண்டா நகரில் கோலாகலமாக நடந்தது. அங்கிள் ரீமஸாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், நரியண்ணனுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே, அந்த விழாவில் கலந்துகொள்ள முடியவில்லை. நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த ஊர் அது. 1948 மார்ச்சில் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கொடுத்தார்கள். அடுத்த சில மாதங்களில் அவர் இறந்துபோனார்.

1986 வரை திரும்பத் திரும்பத் திரையரங்குகளுக்கு வந்த இந்தப் படத்தை, வீட்டில் பார்க்கும் வீடியோவாக அமெரிக்காவில் டிஸ்னி விற்றதே இல்லை. படத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு, அதன் முயலையும் பாட்டையும் மட்டும் வெளியே எடுத்துச் சவாரியாக்கியதுதான் வேடிக்கை. சவாரியை உருவாக்கிய டோனி பேக்ஸ்டர் குழுவினர் விவரமானவர்கள். அங்கிள் ரீமஸை அடியோடு நீக்கினார்கள், முயலைப் பிடிக்க நரி தாரால் செய்துவைக்கும் தார்ப் பொம்மையின் பெயர் கறுப்பரை இழிக்கும் வசைச்சொல்லாகவே மாறிவிட்டிருந்ததால், அதற்குப் பதிலாகத் தேனடையில் முயலை ஒட்டவைத்தார்கள். எனவே உங்கள் மகன் கண்ட சவாரியில் புண்படுத்தும் காட்சி எதுவும் இல்லை என்பது உண்மை. வந்த வழிதான் சிக்கல் என்று மருமகள் சொல்வதும் உண்மை. 2020 மே மாதம் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸாரால் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த கொந்தளிப்பினிடையே, ஜூன் 25ஆம் தேதி மாற்ற அறிவிப்பு வந்தது. முந்தைய ஆண்டிலிருந்தே இந்த வேலை நடப்பதாக நிறுவனம் சொல்லிக்கொண்டது. நீங்கள் ஏறிய ‘டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்’ 2024 ஜூன் 28 அன்று திறக்கப்பட்டது. டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசியான டியானாவின் கதை அது.

கேள்வி: டோக்கியோவில் மட்டும் பழைய சவாரி ஓடுகிறதாமே?
— வாசகர், சேலம்

பதில்: ஓடுகிறது. அந்தப் பூங்காவின் உடைமையும் நிர்வாகமும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றிடம் இருக்கின்றன. டிஸ்னி அதற்கு உரிமம் மட்டுமே தருகிறது.

கேள்வி: பழைய சவாரிக்காகப் போராடிய ரசிகர்கள் எல்லோரையும் இனவெறியர்கள் என்று ஒதுக்கிவிடலாமா? அவர்கள் பக்கம் நியாயமே இல்லையா?
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஒதுக்கக் கூடாது. பிளோரிடாவில் 2023 ஜனவரியில் சவாரி மூடப்பட்டபோது, அதன் தண்ணீர் என்று சொல்லிப் புட்டிகளில் அடைத்து இணையத்தில் விற்ற கூத்தை விட்டுவிடுவோம். கதைக் கட்டுமானம் பற்றி ரசிகர்கள் சொல்வது சரியானது. நரியிடம் பிடிபட்ட முயல், “என்னை என்ன வேண்டுமானாலும் செய், அந்த முள்ளுக்காட்டில் மட்டும் எறிந்துவிடாதே” என்று கெஞ்சுகிறது. நரியும் அதையே செய்கிறது. தான் பிறந்து வளர்ந்த முள்ளுக்காட்டில் விழுந்த முயல் சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறது. சவாரியில் கடைசி ஏற்றத்தின்போது மேலே இரண்டு கழுகுகள் உட்கார்ந்து நம்மைக் கேலி செய்யும். அடுத்த கணம் ஏறக்குறைய 50 அடி கீழே முள்ளுக்காட்டுக்குள் படகு பாயும். எறியப்படும் முயல் நாம்தான் என்பது அந்த நொடியில் உடம்புக்கே புரியும். புதிய சவாரியிலோ, விழாவுக்குப் பாட்டுக்காரர்களைத் தேடிச் சதுப்பு நிலத்தில் அலைகிறோம், தவளை அளவுக்குச் சிறுத்து மறுபடி பெரிதாகிறோம். வில்லனும் இல்லை, ஆபத்தும் இல்லை. பொம்மைகளின் அசைவு அபாரமாக இருந்தும் அந்தச் சரிவுக்குக் கதையில் அழுத்தமான காரணம் அமையவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் “வரலாற்றை அழிக்கிறார்கள்” என்ற வாதம் எடுபடாது, ஏனெனில் வரலாற்றை முதலில் மறைத்தது பழைய சவாரிதான். முயலண்ணன் கதைகள் டிஸ்னியுடையவை அல்ல. 1880இல் அவற்றை நூலாக்கிய ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்ற வெள்ளைக்காரப் பத்திரிகையாளருடையவையும் அல்ல. பதின்வயதில் ஜார்ஜியாத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த அவர், அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வாயிலிருந்து கேட்டவை அவை. பலமற்ற முயல் பலமுள்ளவர்களை வாய்ச்சாமர்த்தியத்தால் வெல்லும் கதைகள், சாட்டைக்கு அடியில் வாழ்ந்தவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். (தார்ப் பொம்மையில் ஒட்டிக்கொள்ளும் கதைக்குப் புத்த ஜாதகக் கதை ஒன்றில் உறவு தேடிய அறிஞர்களும் உண்டு. கை, கால், தலை என ஒவ்வொன்றாய் அரக்கனின் மயிரில் ஒட்டிக்கொள்ளும் இளவரசன் கதை அது.) ஹாரிஸின் சொந்த ஊரான ஈட்டன்டனிலேயே பிறந்த கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், தம் மரபின் ஒரு பகுதியை ஹாரிஸ் திருடிக்கொண்டார் என்றும், அந்த மரபைக் கண்டு தம்மைக் கூச வைத்ததே அந்தத் திருட்டு என்றும் எழுதினார். இப்போது டியானா வந்தது நல்லதே. ஆனால் அவள் வரவுக்காக வெளியேற்றப்பட்ட முயலும் கறுப்பின மக்களுடையதுதான். படத்தின் கறையை டிஸ்னி நிறுவனத்தார் முயலின் மேல் பூசினார்கள், பிறகு கறை பட்டது என்று முயலையே துரத்தினார்கள். ரசிகர்கள் கோபப்பட வேண்டிய இடம் அது. பெரும்பாலோர் அங்கே கோபப்படவில்லை.

கேள்வி: அந்த முயல் கதைகளை என் பேத்திக்குப் படித்துக்காட்ட விரும்புகிறேன். எதை வாங்கலாம்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆங்கிலத்தில் படிப்பதானால், கறுப்பின எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டர் 1987 தொடங்கி நான்கு தொகுதிகளாகத் திருப்பிச் சொன்னவற்றை வாங்குங்கள், படங்கள் ஜெர்ரி பிங்க்னி வரைந்தவை. ஹாரிஸின் மூலம் கறுப்பர் பேச்சை எழுத்துக்கு எழுத்து கொச்சையாக்கி அச்சிட்டது; பேத்திக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் வாய் குழறும்.