வார்டனம்மா ஏன் வில்லியானார்?

கதைப் பட்டறை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நுங்கம்பாக்கத்துப் பெண்கள் விடுதி ஒன்றில் நடக்கும் சிறுகதை எழுதியிருக்கிறேன். தி.நகர் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் 'நான்' என்று சொல்லும் கதை. அவள் சொல்வதில் பாதி பொய். படித்தவர்களோ அவளை நம்பிவிட்டு, "வார்டனை இப்படி வில்லியாக்கலாமா?" என்று என்னைத் திட்டுகிறார்கள். கடைசி வரியில் உண்மையைப் போட்டு உடைத்துவிடட்டுமா?
(வாசகி, சூளைமேடு)

பதில்: வேண்டாம். அதுவரை படித்ததெல்லாம் வீண் என்ற எரிச்சல்தான் மிஞ்சும். சந்தேகம் முதல் கால்வாசிக்குள் விழ வேண்டும். 2,000 சொல் கதையென்றால் முதல் 500 சொல்லுக்குள் ஒரு முரண், பிறகு இரண்டு, போதும்.

முதலில் தனித்தாளில், உண்மையில் நடந்ததை நாள், மணியோடு எழுதிக்கொள்ளுங்கள். அதில் அவள் கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது, தானாக ஊகித்தது எது என்று குறியுங்கள். இந்தத் தாள் இல்லாவிட்டால், பொய் எங்கே தொடங்குகிறது என்று எழுதுகிற உங்களுக்கே குழம்பிவிடும்.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். முரண்பாட்டைக் கண்டதும் வாசகர் சந்தேகப்படுவது உங்களைத்தான், அவளை அல்ல. கேட்டை ஒன்பது மணிக்கே பூட்டிவிட்டார்கள் என்று அவள் சொல்ல, நோட்டீஸ் போர்டில் ஒன்பதரை என்றிருந்தால், அச்சுப்பிழை என்று தாண்டிப் போய்விடுவார். ஆகவே, அவள் தாமதமாக வந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் பூட்டுகிற நேரம் முன்னால் நகரட்டும்: ஒன்பதரை, ஒன்பது, எட்டே முக்கால். தவறு ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சாதகமாகவே விழுந்தால் விஷயம் பிடிபட்டுவிடும்.

வார்டனை இப்போது நாம் அந்தப் பெண்ணின் அடைமொழிகள் வழியாகத்தான் பார்க்கிறோம். 'நக்கலாக', 'விஷமமாக' எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அவர் பேச்சை மூன்று இடத்தில் அப்படியே வையுங்கள். "சாப்பிட்டியாம்மா? ரசம் மட்டும்தான் இருக்கு." இதற்கு அவள் "குத்திக் காட்டினாள்" என்று சொல்லட்டும், வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

அதற்காக வார்டனைத் தெய்வமாக்கவும் வேண்டாம். அவருடைய வருகைப் பதிவேடும் பொய் சொல்லும்: மாதக் கடைசியில் ஒரே பேனாவால் முப்பது நாளையும் நிரப்பினால் போயிற்று. இரு தரப்பும் பொய் சொல்லும்போது, யார் பக்கமும் சேராத பொருள் ஒன்று கதையில் இருக்க வேண்டும். சமையலறையில் மூடி வைத்த ஒரு தட்டு போதும்.

கேள்வி: 'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற சொல் யார் தந்தது? பொய்யர் மட்டும்தானா அதில் சேர்த்தி?
(வாசகர், பல்லாவரம்)

பதில்: அமெரிக்க விமர்சகர் வெய்ன் பூத், 1961-இல். பொய்யர் மட்டுமல்ல, விவரம் புரியாத சிறுபிள்ளை, தன்னையே ஏமாற்றிக்கொள்கிற பெரிய மனிதர் எல்லாரும் சேர்த்திதான்.

கேள்வி: கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைக் களமாக வைத்து, நோயாளியே சொல்லும் நாவல் எழுதுகிறேன். நர்ஸ் கோபத்தில் மின் அதிர்ச்சி கொடுப்பதாகக் காட்சி. நம்பும்படி இருக்குமா?
(வாசகர், அயனாவரம்)

பதில்: எந்த ஆண்டு என்று முதலில் முடிவு செய்யுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் அதிர்ச்சி சிகிச்சை தருவதைத் தடை செய்கிறது. இன்றைய கதையில் அந்த அலறல் காட்சி எடுபடாது. 1970-கள் என்றாலும் சிகிச்சையை எழுதிக் கொடுப்பது டாக்டர், நர்ஸ் அல்ல. நோயாளி அதை நர்ஸின் பழிவாங்கலாக நினைக்கலாம். அது அவர் பார்வை என்பது தெரிய வேண்டும்.

மனநல மருத்துவமனையில் நடக்கும் கதைதான் அமெரிக்க எழுத்தாளர் கென் கேசியின் 1962 நாவல் 'One Flew Over the Cuckoo's Nest'. அதில், செவிட்டூமையாக நடிக்கும் நோயாளிதான் கதை சொல்கிறார். கோபத்தில் தலைமை நர்ஸ் ராட்சத உருவமாக வீங்குவது அவர் கண்ணுக்குத்தான். 1975-இல் படமானபோது கதை சொல்லும் அந்த நோயாளியின் குரலை எடுத்துவிட்டார்கள். நர்ஸ் சாதாரண உயரத்தில், தணிந்த குரலில் பேசுகிறார். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிகம் நடுங்க வைக்கிறது.

வார்டில் நர்ஸின் அதிகாரம் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது: யாருக்கு மாத்திரை முதலில், யாரைப் பார்க்க வந்தவர் வெளியே காத்திருக்க வேண்டும், டிவி எப்போது அணையும். நோயாளி இரண்டு பக்கம் விவரித்த ஓர் இரவை, கேஸ் ஷீட்டில் நர்ஸ் ஒரே வரியில் முடித்துவிடலாம்: 'நன்றாகத் தூங்கினார்.'