மயக்க டாக்டர் ஏன் மாடிப்படி பத்தி கேக்குறார்?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 62 வயசு, சுகரும் பிபியும் இருக்கு. பித்தப்பை கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி பண்ண தேதி குறிச்சாங்க. பிளட் டெஸ்ட், ஈசிஜி எல்லாம் நார்மல், சர்ஜனும் ஓகே சொல்லிட்டார். அப்பவும் மயக்க டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. அவர் என்னடான்னா மாடி ஏறுவீங்களா, வாயை நல்லா திறங்க, பல்லு ஆடுதான்னு கேக்குறார். ஆபரேஷன் அன்னைக்கு காலைல அம்மா அரை டம்ளர் காபி குடிச்சிட்டாங்கன்னு தேதியையே தள்ளி வச்சிட்டாங்க. இவ்ளோ கெடுபிடி தேவையா டாக்டர்?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: தேவைதாங்க. ஈசிஜி படுக்க வச்சு எடுக்குறது, அம்மா நல்லா உழைக்குறப்ப இதயம் எப்படி தாக்குப்பிடிக்குதுன்னு அது சொல்லாது, ரெண்டு மாடி நிக்காம மூச்சு வாங்காம ஏறுவாங்கன்னா எங்களுக்கு பாதி கவலை போச்சு. ஆனா நம்ம அம்மாக்கள் பலபேர் முட்டி வலின்னு மாடியே ஏறுறதில்ல, அதனால மூச்சு வாங்குறதும் வெளியவே தெரியாது. அப்படி இருந்தா அதை சொல்லிடுங்க, சில சமயம் எக்கோ எடுத்துப் பாப்போம்.

வாயைத் திறக்கச் சொல்றது மூச்சுக்குழாய்ல டியூப் போட எவ்ளோ கஷ்டமா இருக்கும்னு பாக்கத்தான். உள்நாக்கு எவ்ளோ தெரியுதுன்னு பாத்து கிரேடு போடுற இந்த முறைய 1985ல எழுதினவர் பேரு மல்லம்பட்டி, நம்ம பக்கத்து ஆந்திராக்காரர்தான். ஆடுற பல்லு டியூப் போடுறப்ப கழண்டு உள்ள போயிடக்கூடாதே, அதான் அதையும் கேக்குறது.

காபி விஷயத்துக்கு வருவோம். மயக்கத்துல இருமல் வராது, வயித்துல இருக்குறது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. வெறும் தண்ணி 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும் ஓகே, ஆனா பால் சேர்ந்த காபி சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம் ஆகணும், வடை பிரியாணின்னா 8. ரொம்ப நாளா சுகர் இருக்குறவங்களுக்கு வயிறு காலியாக இன்னும் லேட்டாகலாம். தள்ளி வச்சவர் மேல கோவப்படாதீங்க, நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

அடுத்த தடவை போறப்ப மாத்திரை அட்டை எல்லாத்தையும், சித்தா லேகியம் உட்பட, ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. டபாகிளிஃப்ளோசின் மாதிரி சுகர் மாத்திரைன்னா பொதுவா 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வோம், இல்லன்னா சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறிடலாம். பிபி மாத்திரைல சிலது அன்னைக்கு காலைலயும் போடணும், சிலது கூடாது. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா அதுக்கு தனிக்கணக்கு, நீங்களா எதையும் நிறுத்த வேணாம்.

சொந்தக்காரங்க யாருக்காவது ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு திரும்பலன்னு வெண்டிலேட்டர்ல வச்சிருந்தாங்களான்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. சில குடும்பங்கள்ல சக்சினைல்கோலின்ங்கிற தசைதளர்த்தி மருந்தை உடைக்குற என்சைம் பிறவியிலேயே குறைவா இருக்கும், நம்மூர் ஆர்ய வைசியர்கள்ல இது கொஞ்சம் அதிகம். முன்னாடியே தெரிஞ்சா வேற மருந்து போட்டுக்கலாம்.