ஸ்ப்ளெண்டர்ல கேமரா: பாக்ஸா, முதுகுப்பையா?

கேள்வி: அண்ணே, நான் திருத்துறைப்பூண்டி பக்கம். நிக்கான் டி7500, சிக்மா 150-600 லென்ஸ் வச்சிருக்கேன். சீசன்ல கோடியக்கரைக்கு பூநாரை எடுக்க ஸ்ப்ளெண்டர்லதான் போறேன். பின்னாடி அலுமினிய பாக்ஸ் மாட்டுனா சேஃப்னு கடைக்காரர் சொல்றாரு, ஃபிட்டிங்கோட பத்தாயிரத்தை தாண்டுது. வாங்கலாமா?

பதில்: கேமராவுக்காகன்னா வாங்காதீங்க தம்பி. அந்த பாக்ஸ் உக்கார்ற எடம் பின் சக்கரத்து அச்சுக்கும் பின்னாடி, வண்டி ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுனா எல்லாத்தையும் விட அதிகமா தூக்கிப்போடுறது அந்த வால் பக்கத்தைத்தான். மேலேர்ந்து அடி விழுந்தா பாக்ஸ் தாங்கும், சரி. ஆனா லென்ஸை கெடுக்கறது பெரும்பாலும் அடி இல்ல, நாள் பூரா விடாம வர்ற அதிர்வு. உள்ள இருக்குற பொடி ஸ்க்ரூ மெல்ல லூசாகும், போட்டோ ஆடாம இருக்க வச்சிருக்குற ஓஎஸ் க்ளாஸும் கூட சேந்து ஆடிக்கிட்டே வரும். அதுக்கு மேல நெறைய பாக்ஸுல 3லேர்ந்து 5 கிலோதான் வைக்கலாம்னு உள்ளயே ஒட்டியிருப்பாங்க, யாரு படிக்கிறா?

முதுகுப்பையே போதும். வார் ரெண்டையும் கொஞ்சம் லூஸ் பண்ணி, பையோட அடி பின் சீட்டு மேல உக்கார்ற மாதிரி போட்டுக்குங்க, எடையை சீட்டு வாங்கிக்கும், பை ஆடாம ஒங்க முதுகு புடிச்சுக்கும், தோளும் வலிக்காது. லென்ஸை கேமரா பாடியிலேர்ந்து கழட்டிருங்க. அதோட லேசான மாடலே கிட்டத்தட்ட ரெண்டு கிலோ, 26 சென்டிமீட்டர் நீளம், மாட்டுனபடியே போனா ஒவ்வொரு குலுக்கலும் லென்ஸ் பாடியோட சேர்ற மவுன்ட்டைப் புடிச்சு இழுக்கும். ஜூம் லாக்கையும் போட்டுருங்க. லென்ஸ் முதுகெலும்புக்கு நேரா வரக்கூடாது, பையோட ஓரத்துல நிறுத்துங்க, மல்லாக்க விழுந்தா லென்ஸ் போறது அப்பறம், மொதல்ல முதுகு போயிரும். சிரிக்காதீங்க, தை மாசி அறுவடை நேரத்துல ரோட்டுல நெல்லு காயப்போட்டிருக்கும்போது பிரேக் புடிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

மிச்சக் காசை மழைக்கு செலவு பண்ணுங்க. பறவை வர்றதும் வடகிழக்குப் பருவமழை வர்றதும் ஒரே நேரம், ஐப்பசி கார்த்திகையில மழையில்லாத நாளா பாத்துப் போறதெல்லாம் நடக்காது. பையோட வர்ற ரெயின் கவரை மட்டும் நம்பாதீங்க, அது முதுகுப்பக்கம் தொறந்துதான் இருக்கும், ரெயின்கோட்டு மேல வழியுற தண்ணி நேரா அங்கதான் போகும். வாயைச் சுருட்டி க்ளிப் போடுற ட்ரை பேக் ஒண்ணு வாங்கி, கேமராவை ஃபோம் இன்சர்ட்டோட அதுக்குள்ள வச்சு பையில எறக்குங்க. வாயை மூணு சுத்தாவது சுருட்டணும். நம்மூர்ல சில பேரு யூரியா மூட்டை உள்கவரை கழுவிட்டு சுத்துறாங்க, வேண்டவே வேண்டாம், யூரியா ஈரத்தை இழுக்குற சாமான், ஒட்டுனது கொஞ்சம் இருந்தாலும் உள்ள பிசுபிசுன்னு ஆயிரும்.

வீட்டுக்கு வந்ததும் பையை மூடியே போட்டுடாதீங்க. அகஸ்தியம்பள்ளி உப்பளம் தாண்டிப் போயிட்டு வந்திருக்கீங்க, உப்புக்காத்து பட்டிருக்கும், லேசா ஈரத்துணியால பாடியை தொடச்சு, காஞ்ச துணியால இன்னொரு தரம் தொடைங்க. அப்பறம் காத்துப் போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சுக்கிட்டா ஃபங்கஸ் வராது. சிலிக்கா ஜெல்லுக்கு பதிலா அரிசி போடுறது, டெல்டாக்காரன்ங்கறதுக்காக அதெல்லாம் பண்ணக்கூடாது, தவிட்டுத்தூசி லென்ஸுல ஏறும்.

கேள்வி: கும்பகோணத்துலேர்ந்து பூம்புகார் வரைக்கும் காவிரிக் கரையோரமா வீடியோ எடுக்கணும். ஐபோனை ஹேண்டில்பார்ல மாட்டலாமா?

பதில்: 2021 செப்டம்பர்ல ஆப்பிளே சொல்லிட்டாங்க, பவரான பைக் இன்ஜினோட அதிர்வு ஹேண்டில்பார் வழியா போயி கேமராவுல படம் ஆடாம பாத்துக்குற ஓஐஎஸ்ஸையும் ஆட்டோஃபோகஸையும் கெடுக்கலாம்னு, அதனால அப்படி மாட்டாதீங்கன்னு. ஸ்கூட்டர், மொபெட்டுன்னா அதிர்வு கம்மி, அப்பவும் அதிர்வு தாங்குற ரப்பர் வச்ச மவுன்ட்டுதான் போடணும், அதுலயும் ரொம்ப நேரம் மாட்டியே வைக்கக்கூடாது. வழி பாக்கத்தான் வேணும்னா பழைய போன் ஒண்ணை மாட்டிக்குங்க. வீடியோவுக்கு ஆக்‌ஷன் கேமராவை ஹெல்மெட்டு பக்கம் கொண்டு போயிருங்க.

கேள்வி: வண்டி இன்ஷூரன்ஸ்ல கேமரா சேருமா?

பதில்: சேராது. அது வண்டிக்கும் வண்டியோட ஃபிக்ஸ் ஆன சாமானுக்கும்தான். கேமராவுக்கு தனியா ஆல் ரிஸ்க் பாலிசி கேளுங்க, வெளியூர்ல உடைஞ்சாலும் திருடு போனாலும் உண்டான்னு படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க. பில்லையும் பாடி, லென்ஸ் சீரியல் நம்பரையும் இன்னிக்கே போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க, பில்லு பையோடவே போயிட்டா எதை வச்சு க்ளெய்ம் பண்ணுவீங்க?